பூஜ்யமும் ஒரு மாடிதான்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்து என்னைப் பிடித்து உலுக்குவீர்கள். இது ஒரு புகாரிலிருந்து வந்தது. லிஃப்ட்டுக்கு புரோகிராம் எழுதும் ஓர் அம்மாள் எங்கள் ஆபீசுக்கு அனுப்பிய புகார். மூன்றே வரி. "உங்கள் கம்பைலர் என் புரோகிராமில் 212ஆம் வரிக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கிறது. அது பொய். சரி செய்யுங்கள்."

நான் கம்பைலர் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் கம்பைலரின் வேலை. மாற்றும்போதே, "இங்கே ஏதோ இடிக்கிறதே" என்று நாலு வார்த்தை சொல்லியும் வைக்கும். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல வைக்கிற குழுவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். விருந்துக்கு வந்து உட்கார்ந்தவுடனே உப்பு சரியில்லை என்று ஆரம்பிக்கும் பெரியப்பாவைத் தயாரிக்கிற வேலை என்று என் மனைவி சொல்வாள். மறுக்க முடியவில்லை.

ஆனால் கதையை நான் முதலில் தொடங்கியது இப்படி இல்லை. இப்படி:

[அண்ணன் போன அன்று காலையிலிருந்தே மழை. கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்த்து, அண்ணியிடம் ஏதோ சொல்ல வாயெடு]

அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்று மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த ஊரிலேயே இல்லை. குடை, திரும்பிப் பார்த்தது எல்லாம் என் கைச்சரக்கு. எழுதும்போது நன்றாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

லிஃப்ட் கதையில் அண்ணன் எங்கே வந்தான் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அண்ணன் காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவன் மனைவி, அதாவது என் அண்ணி, என்னோடு முகம்கொடுத்துப் பேசி நான்கு வருடம் ஆகிறது. முன்னதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. பின்னதற்குக் காரணம் நான். நான் செய்துவைத்ததைத் திருப்பிச் செய்ய முடியுமா என்பதுதான் இந்தக் கதை. லிஃப்ட் அம்மாள் இல்லாவிட்டால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

2.

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஒரு டப்பா. மேலே 'மாடி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் இதை வேரியபிள் என்பார்கள், நாம் டப்பா என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே ஒன்றும் போடுவதற்கு முன்பே ஒருவர் மூடியைத் திறந்து எடுத்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது என்றுதானே நினைப்பீர்கள். மெஷினில் அப்படிக் காலி டப்பா கிடையாது. அதை முன்னால் வேறு எதற்கோ வைத்திருந்தவர் விட்டுப்போன மிச்சம் உள்ளே கிடக்கும். அதை மாடி எண் என்று நம்பி லிஃப்ட் கிளம்பிவிடும். அதனால்தான் எங்கள் கம்பைலர், "இந்த டப்பாவில் எதுவும் போடாமலே எடுக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று எச்சரிக்கிறது.

அந்தப் 'போலிருக்கிறது'தான் எங்கள் பிழைப்பு. கம்பைலர் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் விரலை வைத்து எல்லாத் தெருவிலும் போய்ப் பார்க்கிறது. அதில் யாரும் ஒருநாளும் போகவே முடியாத தெருவும் இருக்கும். அந்தத் தெருவில் போனால் டப்பா காலி என்று கூப்பாடு போடும். அது பொய் எச்சரிக்கை.

தினமும் காலை பத்து மணிக்கு நாங்கள் ஐந்து பேர் ஒரு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, வந்த புகார்களைப் பார்த்து, எது மெய் எது பொய் என்று தீர்ப்பு சொல்வோம். வார்னிங் பஞ்சாயத்து என்று அதற்குப் பெயர். பொய் என்று முடிவானால் அனுப்பியவருக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. "டப்பாவில் முதலிலேயே ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிடுங்கள், எச்சரிக்கை போய்விடும்."* இதையே பல நூறு பேருக்கு எழுதியிருக்கிறேன். ஆபீசில் என் பட்டப்பெயர் பூஜ்யம். "பூஜ்யம் வந்தாச்சா?" என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று கேட்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. சட்டென்று காரியத்தை முடிக்கிறவன் என்ற பெருமைகூட எனக்கு உண்டு.

(* பூஜ்யம் போட்டால் எச்சரிக்கை ஏன் போகிறது? கம்பைலருக்கு வேண்டியது டப்பாவில் ஏதோ ஒன்று இருப்பது. இருப்பது சரியா என்பது அதன் கவலை இல்லை.)

3.

இனி அண்ணி. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க ஆசைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போனான். வேலைக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. தெரிந்தது இவ்வளவுதான். போலீஸ், ஆஸ்பத்திரி, சிநேகிதர்கள், பஸ் டிப்போ, எல்லாம் அலைந்தாயிற்று. சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எங்கேயோ இன்னொரு குடும்பம் நடத்துகிறான் என்று ஒரு கட்சி. போய்ச் சேர்ந்திருப்பான் என்று இன்னொரு கட்சி. அண்ணி எதிலும் சேரவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில். "தெரியல." அழுதுகொண்டும் சொல்வதில்லை, விறைப்பாகவும் சொல்வதில்லை. மணி கேட்டால் கையில் கடிகாரம் இல்லாதவர் சொல்வது மாதிரி சொல்வார்.

அண்ணி பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் சுண்ணாம்பு மாவில் வார்ப்பு எடுத்து, மெழுகில் பல் கோத்து, கட்டி அனுப்புவார். வாடகை வீட்டில் அந்தத் தூசிக்காகவே இரண்டு முறை காலி செய்யச் சொன்னார்கள். அதனால் குடியிருப்பு வாரியத்தில் வீடு கேட்டு விண்ணப்பித்தார். படிவத்தில் நான்கு கட்டம். மணமாகாதவர். மணமானவர். விவாகரத்துப் பெற்றவர். கணவரை இழந்தவர். அண்ணி நான்கையும் விட்டுவிட்டு மீதியை அழகாக நிரப்பி அனுப்பினார். "முழுமையாக நிரப்பவும்" என்று திரும்பி வந்தது. மறுபடி அப்படியே அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது.

மூன்றாவது முறை, "நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டேன். கவுன்டருக்கு வெளியே நின்று நான்காவது கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். கீழே 'நிரப்ப உதவியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. அரை நிமிட வேலை. அந்தக் கட்டத்துக்கு முன்னுரிமை உண்டு, இரண்டே மாதத்தில் வீடு கிடைத்தது. பால்கனியோடு இரண்டு அறை. சாவியோடு ஒரு கடிதமும் போயிருக்கிறது: "தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

அண்ணி போன் செய்தார்.

"தம்பி, அந்தக் கட்டத்துல டிக் போட்டது நீங்களா?"

"ஆமா அண்ணி. வீடு கிடைக்கணுமேன்னுதான்..."

"எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று முறை போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எடுத்தார், கேட்டுக்கொண்டார், "சரி தம்பி" என்றார், வைத்தார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

4.

மறுபடி லிஃப்ட்டுக்கு வருவோம். பஞ்சாயத்தில் அந்த அம்மாளின் 212ஆம் வரி வந்தது. பார்த்தோம். அவர் எழுதியிருந்தது இதுதான்: யாராவது லிஃப்ட்டைக் கூப்பிட்டிருந்தால், எந்த மாடி என்று டப்பாவில் போடு. பிறகு கதவு சாத்தியதா என்று நாற்பது வரி சோதனை. பிறகு, யாராவது கூப்பிட்டிருந்தால், டப்பாவில் உள்ள மாடிக்குப் போ.

இரண்டு இடத்திலும் கேட்பது ஒரே கேள்வி. நடுவில் பதில் மாறாதபடி பூட்டும் போட்டிருக்கிறார். முதல் தடவை 'யாரும் கூப்பிடவில்லை' என்றும் இரண்டாவது தடவை 'கூப்பிட்டார்கள்' என்றும் வர வழியே இல்லை. எங்கள் கம்பைலருக்கு இது புரியவில்லை. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவது கேள்வி வரும்போது மறந்துவிட்டு, இல்லாத தெருவில் நின்று கூப்பாடு போடுகிறது. பொய் எச்சரிக்கை என்று ஐந்து பேரும் கை தூக்கினோம். நான் வழக்கமான பதிலை அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் அவர் போன் செய்தார். எண்ணை யாரிடம் வாங்கினாரோ.

"பூஜ்யம் போடச் சொன்னது நீங்கதானே சார்?"

"ஆமாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எங்களுக்குப் பூஜ்யம்னா தரைத்தளம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "நாளைக்கு வேற ஒருத்தர் இந்த புரோகிராம்ல கைய வெப்பாங்க. தெரியாம அந்தப் பூட்டை எடுத்துடுவாங்க. அப்ப டப்பா நிஜமாவே காலியா இருக்கும். நான் பூஜ்யம் போட்டு வெச்சிருந்தா, லிஃப்ட் சமர்த்தா தரைத்தளத்துக்குப் போய் கதவைத் திறக்கும். இது ஆஸ்பத்திரி லிஃப்ட் சார். அஞ்சாவது மாடி ஆபரேஷனுக்கு ஆளை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறாங்க, அது கீழ போய் நிக்குது. யாரோ பட்டனை அமுக்கிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க. தப்புன்னு ஒருத்தருக்கும் தோணாது."

"அப்ப மைனஸ் ஒண்ணு போடுங்களேன்."

"அது தரைக்குக் கீழ இருக்கற ஸ்கேன் ரூம். மைனஸ் ரெண்டு மருந்து ஸ்டோர்."

"தொண்ணூத்தொம்பது?"

"இல்லாத மாடி. யாராவது பாத்துட்டு, 'பாவம், தப்பா இருக்கு'ன்னு மேல் மாடியா மாத்தி வெப்பாங்க. உதவி பண்றவங்க எல்லா எடத்துலயும் இருக்காங்க சார்."

அவர் என்னைச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சூடானது.

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தெரியலேன்னா தெரியலேன்னு இருக்கணும். எவனாவது அதைத் தொட்டா லிஃப்ட் நின்ன எடத்துலயே நிக்கணும், மணி அடிக்கணும். அவ்வளவுதான். ஆனா வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வராரு. ஒரு வார்னிங்கூட இருக்கக் கூடாதுன்னு விதி. எங்க மேனேஜர் பூஜ்யம் போட்டு முடின்னு நிக்கறாரு. நான் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். போடலேன்னா இந்த வேலை வேற ஆளுக்குப் போகும். அவங்க போட்டுருவாங்க."

5.

இங்கே ஒரு சிக்கல். லிஃப்ட் அம்மாளின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா? கதை என்றால் அப்படித்தானே. அதனால் ஒரு பத்தி எழுதினேன்.

[அவருடைய தங்கை சின்ன வயதில் ஒரு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து]

அடித்துவிட்டேன். பிற்பாடு அவரிடமே கேட்டேன், உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா என்று. "இல்லையே, ஏன்?" என்றார். சிலர் வேலையைச் சரியாகச் செய்வது வேலையைச் சரியாகச் செய்வதற்காகவே. கதாசிரியனுக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கையைப் பிசையத்தான் முடியும்.

இரண்டு நாள் முயன்றேன். முதல் கேள்வியின் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளக் கம்பைலருக்குச் சொல்லிக் கொடுத்தேன். 212ஆம் வரி அடங்கியது. ஆனால் கம்பைலர் சோம்பேறியாகிவிட்டது. பெரிய புரோகிராம்களுக்கு முன்னைவிட ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. எங்கள் குழுத் தலைவருக்குப் பட்டப்பெயர் தராசு. எதைக் கேட்டாலும் "ஒருபக்கம் பார்த்தால்... இன்னொருபக்கம் பார்த்தால்..." என்பவர். அன்று ஒரே பக்கம்தான் பார்த்தார்.

"ஒரு லிஃப்டுக்காக ஊர்ல இருக்கற எல்லாரும் காத்துட்டிருக்கணுமா பூஜ்யம்?"

"அந்தம்மா சொல்றது சரி சார்."

"சரிதான். இந்த வெளியீட்டுல முடியாது. ஏதாவது சின்னதா யோசிங்க."

சின்னதாக யோசித்ததுதான் அந்தக் குறி. புரோகிராம் எழுதுகிறவர் டப்பாவின் மேல் ஒரு குறி போடலாம்: வேண்டுமென்றே காலி. அதைப் பார்த்தால் கம்பைலர் எச்சரிக்காது. ஆனால் சும்மாவும் இருக்காது. நிரப்புவதற்கு முன் யாராவது அந்த டப்பாவைத் திறந்தால் அங்கேயே எல்லாவற்றையும் நிறுத்தும். தராசு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். புதன்கிழமை மத்தியானம் அனுப்பிவைத்தேன்.

பதில் ஒரு வரி. "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க சார், நிக்குதான்னு பார்க்கலாம்."

6.

ஆஸ்பத்திரி இன்னும் திறக்கவில்லை. தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, சுவரில் பாதி பெயின்ட். லிஃப்ட் அம்மாளை நான் ஒல்லியாக, கண்டிப்பாக, கண்ணாடியோடு கற்பனை செய்திருந்தேன். வந்தவர் குண்டாக, சிரித்த முகமாக, சட்டைப் பையில் மூன்று ஸ்குரூ டிரைவரோடு இருந்தார். சோதனைக்காகத் தன் பூட்டைத் தானே கழற்றிவைத்திருந்தார். போனில் சொன்னாரே, 'நாளைக்கு' வரப்போகிற அந்தத் தெரியாத ஆளாகத் தானே நடிக்கிறாராம்.

ஏறினோம். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றது. மணி அடித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நின்னுடுச்சு பாருங்க" என்றார். பிறகு மேலே இருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "கையால இறக்குப்பா" என்றார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "மெஷின் ரூம் சாவி எங்கக்கா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார். ஸ்குரூ டிரைவர்களோடு சாவியும் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இன்னொரு சாவி காவலாளியிடம் இருந்தது, காவலாளி சாப்பிடப் போயிருந்தார்.

இருபத்தைந்து நிமிடம். தரையில் உட்கார்ந்துகொண்டோம். அவர்தான் கேட்டார், "போன்ல பேசும்போது நடுவுல சத்தத்தையே காணோம். உதவி பண்றவங்கன்னு சொன்னேனே, அப்போ." இந்தக் கேள்விக்குக் கதவு இருந்திருந்தால் நான் வெளியே போயிருப்பேன். கதவு இரண்டு மாடிக்கு நடுவில் இருந்தது. அண்ணன், அண்ணி, நான்கு கட்டம், கடிதம் எல்லாம் சொன்னேன்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"மூணு தடவை."

"எதுக்குக் கேட்டீங்க?"

"அவங்க மனசு கஷ்டப்பட்டதுக்கு."

"அது சரி. அந்த டிக்கை எடுத்தீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன்.

"இல்ல, கேக்கறேன். அந்த ஆபீஸ் ஃபைல்ல இன்னிக்கும் அந்த டிக் இருக்குல்ல? அங்க இன்னிக்கும் உங்க அண்ணன் செத்துட்டாருல்ல?"

நான்கு வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு மூன்றாவது பகுதியிலேயே தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டதோடு என் வேலை முடிந்தது, மீதி அண்ணியின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் வேறு பக்கம் திரும்பி, பட்டன் பலகையின் திருகு ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், எச்சரிக்கை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் அம்மாள் இந்தக் கதையிலிருந்து இங்கே இறங்கிக்கொள்கிறார்.

7.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் குடியிருப்பு வாரியத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"கணவர் உயிரோட இருக்காருன்னு சான்று இருக்கா?"

"உயிரோட இருக்காருன்னு நான் சொல்லலீங்க. தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியாதுன்னு எழுத கட்டம் இல்லீங்களே."

"தெரியும். அதனாலதான் வந்திருக்கேன்."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஃபைலைக் கொண்டுவந்தார். என் டிக் அப்படியே இருந்தது, நீல மையில், கொஞ்சம் சாய்ந்து, தன்னம்பிக்கையோடு. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அவர் அதைப் படித்தார். "ஏற்கெனவே அந்தம்மா வந்திருக்காங்க. அந்த டிக்கை அவங்க போடலேன்னு சொல்லியிருக்காங்க. 'நிரப்பியவர் நேரில் வந்து எழுதித் தர வேண்டும் என்று தெரிவிக்கப்பட்டது.' நீங்கதான் அந்த நிரப்பியவரா?"

தேதியைப் பார்த்தேன். அனுதாபக் கடிதம் போன பதினோராவது நாள்.

அதாவது, நான் வந்தால்தான் முடியும் என்று அண்ணிக்கு நான்கு வருடமாகத் தெரியும். என்னைக் கூப்பிடவில்லை. நானாக வருகிறேனா என்று பார்த்திருக்கிறார். மூன்று முறை போனில் அவர் "சரி தம்பி" என்றபோதெல்லாம் இந்தச் சீட்டு இந்த ஃபைலில் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

கண்ணாடிக்காரர் ஒரு திருத்தப் படிவம் கொடுத்தார். நான் எழுதினேன்: 'விண்ணப்பதாரர் இந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். நிரப்பியது நான். எனக்கு அது தெரியாது.' கையெழுத்துப் போட்டேன்.

"அவங்களும் போடணும்" என்றார். "அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன். இது முன்னுரிமைல குடுத்த வீடு. திருத்தினா ஃபைல் கமிட்டிக்குப் போகும். வீட்டைத் திரும்பக் கேட்டாலும் கேப்பாங்க, விட்டாலும் விடுவாங்க."

8.

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அந்த 212ஆம் வரி எச்சரிக்கை கடைசியில் மெய் என்று தெரிகிறது, பெரிய விபத்து ஒன்று தவிர்க்கப்படுகிறது. நன்றாக இருக்கும். ஆனால் அது பொய் எச்சரிக்கைதான், மூன்று முறை சரிபார்த்தேன்.

(ஆ) கதவு தட்டப்படுகிறது. அண்ணி திறக்கிறார். வாசலில் அண்ண

இதை எழுதியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

(இ) அண்ணி கையெழுத்துப் போடுகிறார், கமிட்டி வீட்டை அவருக்கே விட்டுவிடுகிறது, அண்ணி எனக்குச் சாப்பாடு போடுகிறார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அரை நிமிடத்தில் எழுதிவிட்டேன். அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, இதுவரை எழுதியதையும் திருத்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. உள் அறையில் நீள மேஜை, மெழுகு உருக்கும் விளக்கு, வரிசையாக வெள்ளை வார்ப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். அண்ணியின் தலைமுடியில் மாவு படிந்திருந்தது. "வாங்க தம்பி" என்றார், நேற்றுத்தான் வந்துபோன ஆளிடம் சொல்வது மாதிரி.

காகிதங்களைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். பல்லில் கோடு போடும் பென்சில் கையில் இருந்தது. முதல் பகுதியில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"குடை கறுப்பு இல்ல. நீலம்."

"குடை எடுத்துட்டா போனான்?" நான் அதைச் சும்மா எழுதியிருந்தேன்.

"எடுத்துட்டுத்தான் போனாரு. மழையெல்லாம் இல்ல." சற்று யோசித்தார். "ஏன்னு தெரியல."

கடைசிப் பக்கத்தில் மூன்று முடிவுகளையும் ஒரே கோடாக அடித்தார். (ஆ)வின் மேல் மட்டும் பென்சில் கொஞ்சம் நின்றது, பிறகு போனது. படிவத்தை எடுத்தார். நான் எழுதிய மூன்று வரியை ரொம்ப நேரம் படித்தார். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"போட்டா வீடு போயிடுமா?"

போகாது அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினோரு வருடப் பழக்கம்.

"தெரியல அண்ணி" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு சரியாகப் பார்த்தது அப்போதுதான். சுற்றி அந்த மேஜையையும் விளக்கையும் வார்ப்புகளையும் பார்த்தார். இந்த வீடு போனால் இத்தனையும் தூசி என்று சொல்லி விரட்டும் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். போடாவிட்டால், அண்ணன் அந்த ஃபைலில் நான் படுக்க வைத்தபடியே இருப்பான். என்னால் உதவி செய்ய முடியாத இடம் அது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணி படிவத்தை மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கீழ்த்தாடை வார்ப்பைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

"யோசிக்கறேன். தெரிஞ்சா சொல்றேன் தம்பி."

"சரி அண்ணி." செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"தெரியலேன்னாலும் வாங்க" என்றார்.

அதன் பிறகு இரண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தேன். காபி கொடுத்தார். என் வேலையைப் பற்றிக் கேட்டார், பொய் எச்சரிக்கை என்றதும் சிரித்தார். படிவம் அந்தத் தாடையின் அடியில் அப்படியே இருந்தது. எழுதும் பக்கம் கீழே இருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. நாளைக்கு மறுபடி செவ்வாய்க்கிழமை.

அண்ணி கையெழுத்துப் போட்டாரா?

[                                        ]

அச்சுப் பிழை இல்லை, வேண்டுமென்றே விட்டதுதான். என்ன சொன்னாலும் நீங்கள் அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கத்தான் போகிறீர்கள், நானும் தினம் போட்டுப் பார்க்கிறேன். அதில் தவறில்லை. வெளியே போய் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான். அண்ணிக்கே இன்னும் தெரியாது.